பொதுக் காப்பீட்டில் ஒரு கேட்பான்

நிலாப்பாக்கத்தில் கணவனும் மனைவியும் நேருக்கு நேர் பேசாமல் காலம் தள்ளுவதற்கு அரசாங்கமே வசதி செய்து கொடுத்திருந்தது. வீடு ஒதுக்கும்போதே காற்றுக் குழாயோடும் தண்ணீர்க் குழாயோடும் ஒரு தூதுப்பெட்டியையும் கொடுத்துவிடுவார்கள். முழங்கால் உயரத்தில் நாலு சக்கரம் வைத்த இயந்திரம் அது. அடுக்களையில் சொன்னதைப் படுக்கையறையில் போய்ச் சொல்லும்; அங்கே கிடைத்த பதிலை அடுக்களைக்குக் கொண்டுவரும். நிலவில் விவாகரத்து கிடையாது. காற்றுப் பங்கீடு ஜோடிக் கணக்கில்தான். பிரிந்தால் இரண்டு பேரும் பூமிக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். அதனால் பிடிக்காதவர்கள் தூதுப்பெட்டியை நடுவில் உருட்டிவிட்டுக் குடும்பம் நடத்தினார்கள். அதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

அன்று காலையும் அபரஞ்சி கஞ்சித் தட்டை மேசையில் டக்கென்று வைத்தாள். பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"சாப்பிடுறவங்க சாப்பிடலாம். தட்டைக் கழுவிவைக்க ஆள் யாரும் பூமியிலேர்ந்து வரமாட்டாங்க."

பெட்டி உருண்டு போய், அடுத்த அறையில் இருந்த தணிகைவேலிடம் அதை அட்சரம் பிசகாமல் ஒப்பித்தது. பசி எடுக்கிறவர்கள் வருவார்கள் என்று பதில் கொண்டுவந்தது. அபரஞ்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் பெயரை அவள் வாயால் சொல்லிப் பல வருடங்கள் ஆகின்றன. அவனும் அப்படித்தான். அவர், அவள், என் புருஷன், என் பெண்டாட்டி என்ற சொற்கள்கூட அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லை. சாப்பிடுறவங்க, போறவங்க, கதவைச் சாத்துறவங்க: இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாம் ஒரு கதவால் வந்தது. நிலவில் எந்த வீட்டிலும் அடுக்களைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஓர் அடைகதவு இருக்கும். ஒரு பக்கம் காற்றுக் கசிந்தால் மறுபக்கமாவது பிழைக்கட்டும் என்று இழுத்துச் சாத்துவதற்காக வைத்தது. ஒருநாள் அலாரம் அலறியது. அபரஞ்சி அடுக்களையில் நின்றாள். படுக்கையறையில் இருந்த தணிகைவேல் ஒரு கணம்கூட யோசிக்காமல் கதவை இழுத்து அடைத்துவிட்டான். அவள் இந்தப் பக்கம் நின்று, கை வீங்கும்வரை தட்டினாள். கடைசியில் பார்த்தால் எங்கேயும் கசிவு இல்லை. குக்கர் ஆவி பட்டு உணர்கருவி குழம்பியிருந்தது, அவ்வளவுதான். கதவு திறந்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி: "உங்க உசுரு அவ்வளவு பெருசாப் போச்சா?" அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அன்றே பெட்டியின் பிழைப்பு ஆரம்பித்தது.

இத்தனை நாளும் இது அவளை ஒன்றும் செய்யவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் நிலாப்பாக்கத்தில் எல்லோருக்கும் காது மடலுக்குக் கீழே ஒரு மனமானி பதித்திருப்பார்கள். மனம் சரியாக இருந்தால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், கெட்டால் சிவப்பு. தூக்கம் கெட்டு, சோறு இறங்காமல், குளியலறையில் காரணமே இல்லாமல் அழ ஆரம்பித்த ஒரு வாரத்தில் அபரஞ்சியின் விளக்கு சிவந்தது. அவள் வேலை பார்த்தது காற்று நிலையத்தில். சிவப்பு விளக்கோடு அங்கே நுழைய முடியாது. தொடர்ந்து சிவப்பாகவே இருந்தால் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள். பூமியின் எடை அவள் எலும்புக்குத் தாங்காது. இவ்வளவு காலம் நிலவில் இருந்துவிட்டுக் கீழே போனவர்கள் படுத்த படுக்கையாகத்தான் கிடந்தார்கள். எழுந்து நடந்ததாக ஒருவரைப் பற்றியும் சேதி வரவில்லை.

ஆகவே அவளுக்கு ஒரு மனநல மருத்துவர் வேண்டும். அதுவும் கைக்கு எட்டுகிற விலையில். பூமியிலிருந்து அலைவழியில் பேசும் தனியார் மருத்துவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் ஒருமுறை மூக்கைச் சிந்தினால் ஒரு மாதக் கஞ்சி போய்விடும். மிச்சம் இருந்தது மக்கள் நலக் காப்பு. மாதா மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதில் அந்தக் காப்பு ஒருநாளும் தவறியதில்லை. மருத்துவர்களின் பெயர்களையும் பக்கம் பக்கமாக வெளியிட்டிருந்தது. அபரஞ்சி முதலில் கூப்பிட்ட மருத்துவர் செத்துப்போயிருந்தார். அடுத்தவர் காப்பு அட்டைக்காரர்களைப் பார்ப்பதில்லை என்று தேனொழுகச் சொன்னார். இன்னொரு அம்மாள், சிவப்பு விளக்கு நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டால் தன்னிடம் குணமானவர்களின் விகிதம் குறைந்துவிடும் என்றும், பச்சை வந்ததும் கூப்பிடும்படியும் சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார். உடம்பு சரியானால் வைத்தியம் பார்க்கிறேன் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அபரஞ்சி காப்பு அலுவலகத்துக்கே நேரில் போய்க் கத்தினாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் இப்படிக் கத்துகிறவர்களைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போனவள்.

"கேட்பான்னு ஒண்ணு இருக்கு. மெஷின். அலைவழியில பேசலாம், இலவசம். வேணும்னா பதிவு பண்ணுங்க, வேண்டாம்னா பின்னாடி நிக்கிறவங்களுக்கு வழிவிடுங்க."

நிபந்தனை இரண்டுதான். ஒரு மணி நேரம் கேட்பானிடம் பேசினால், ஒரு மணி நேரம் செவிப்பயிற்சி செய்ய வேண்டும். இரண்டுக்குமே முகத்தையும் காதையும் மூடும் கவசம் மாட்ட வேண்டும். பயிற்சியில் ஒரு மாதிரி நோயாளிக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். மாதிரி நோயாளி வெறும் நிரல்தான், கவலையெல்லாம் கற்பனை என்றாள் அந்தப் பெண். அடுத்தவர் துன்பத்தைக் கேட்டால் தன் துன்பம் இளகும் என்பது காப்பின் கண்டுபிடிப்பு. இரண்டு பக்கப் பேச்சிலும் வரும் பெயர், உறவு, ஊர், தொழில் எல்லாவற்றையும் பெயர்நீக்கி என்கிற வடிகட்டி எடுத்துவிடும்; மிச்சத்தை அச்சுத் தமிழாக்கி, இயந்திரக் குரலில் அனுப்பும். அலைவழியில் பேசியதைப் பற்றி வெளியே மூச்சு விட்டால் பதிவு ரத்து. பேசியவருக்கும் ரத்து, கேட்டவருக்கும் ரத்து.

வேறு கதி இல்லாமல் அபரஞ்சி ஒப்புக்கொண்டாள். முதல் நாளே கேட்பானிடம் கொட்டித் தீர்த்துவிட்டாள். பெண்டாட்டியைச் சாகவிட்டுக் கதவடைத்த மனிதனை, அவன் சாப்பிடும் சத்தத்தை, அவன் இருமலை, அவன் உயிரோடு இருப்பதையே. கேட்பான் குறுக்கே பேசவில்லை. அதற்காகவே அவளுக்கு அதன்மேல் மதிப்பு வந்தது. மெஷினுக்கு இருக்கிற இங்கிதம் மனிதனுக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

பயிற்சியில் அவளுக்கு வாய்த்த மாதிரி நோயாளி ஒரு வீம்புக்காரன். முதலில் முழங்கால் வலியையும் தூக்கமின்மையையும் பற்றியே மூக்கால் அழுதான். அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, கவசத்துக்குள் இருந்து அவள் அவனுக்குப் பதில் சொன்னாள். நிரல்தானே என்று ஆரம்பித்தவள் போகப் போக அவனிடம் தன்மையாகப் பேசினாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். உங்கள்மேல் தப்பில்லை என்றுகூடச் சொன்னாள். தன் வாயிலிருந்து இப்படியெல்லாம் வருகிறதே என்று அவளுக்கே ஆச்சரியம். சில வாரங்களில் அவள் விளக்கு மஞ்சளுக்கு இறங்கியது. காற்று நிலையத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

கஞ்சித் தட்டை டக்கென்று வைத்த அந்த நாளன்று மாலையும் அவளுக்குப் பயிற்சி இருந்தது. மாதிரி நோயாளி வந்ததும் வராததுமாகப் பொரிந்தான். அவன் குரல் கவசத்துக்குள் வழக்கம்போல இயந்திரமாக ஒலித்தது.

"இன்று காலையில்கூட அவமானம். சாப்பிடுகிறவர்கள் சாப்பிடலாமாம். தட்டைக் கழுவிவைக்க ஆள் யாரும் பூமியிலிருந்து வரமாட்டார்களாம்."

அபரஞ்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பெயர்நீக்கி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. ஆனால் அதற்கு எடுக்க அங்கே என்ன இருந்தது? கோபித்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டி பேசும் பேச்சில் பெயரும் இல்லை, உறவும் இல்லை. வாசகம் முழுசாக வடிகட்டியைத் தாண்டி வந்துவிட்டது. அது அவளுடைய வாசகம்.

மாதிரியும் இல்லை, நிரலும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை என்று அவளுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. மருத்துவருக்கும் செலவு செய்யாமல், இயந்திரத்துக்கும் மின்சாரம் கொடுக்காமல், நோயாளியை நோயாளியின் தலையில் கட்டிவிட்டிருக்கிறது காப்பு. அலைச்செலவைக் குறைக்க, கிட்டத்தில் இருப்பவர்களாகப் பார்த்துக் கட்டியிருக்கிறது. அப்படியானால் அவள் பேச்சைக் கேட்ட கேட்பான் யார்? அது அவளுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். மேல்தளத்துப் பரமகுரு. லிஃப்டில் இடம் விடாமல் நிற்கிறான் என்று அவள் தினமும் முறைக்கிற அதே ஆள்.

கவசத்தைப் பிய்த்து எறியக் கை போனது. ஆனால் அவன் பேச்சை நிறுத்தவில்லை.

"ஒருமுறை அலாரம் அடித்தது. என் தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. கசிவு நான் நின்ற பக்கம் என்று நினைத்தேன். அந்தப் பக்கமாவது பிழைக்கட்டும் என்று கதவை இழுத்து அடைத்துவிட்டு, சாவதற்குக் காத்துக்கொண்டு நின்றேன். கதவு திறந்ததும் எனக்குக் கிடைத்த பேச்சு, உன் உயிர் அவ்வளவு பெரியதா என்பது."

"ஏன் சொல்லவில்லை?" என்று அவள் கேட்டாள். கொஞ்சம் கத்தலாகவே கேட்டுவிட்டாள். வடிகட்டி அதைச் சீராக்கித்தான் அனுப்பியிருக்கும்.

"சொல்லித்தான் தெரிய வேண்டுமா?" என்றான் அவன்.

அன்று இரவு அவள் கண்ணை மூடவில்லை. எத்தனை கஞ்சித் தட்டு, எத்தனை குத்தல்! அழுகையாக வந்தது. சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று ஆத்திரமாகவும் வந்தது. விடிந்ததும் அவளே எழுந்து போய் அவன் அறை வாசலில் நின்றாள். அவன் கட்டிலில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். அவன் காதடியிலும் மஞ்சள் விளக்கு. சிவப்பிலிருந்து இறங்கி வந்த மஞ்சள் அது என்று அவளுக்கு இப்போது தெரியும். இத்தனை மாதமாக அவன் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தது ஏன் என்றும் தெரியும்.

"கொஞ்சம் பேசணும்," என்றாள்.

தூதுப்பெட்டி பதறிக்கொண்டு ஓடி வந்தது. செய்தியை யாரிடம் சேர்க்க வேண்டும் என்று இரண்டு பேரையும் மாறி மாறிக் கேட்டது. தணிகைவேல் நிமிரவில்லை. பூட்ஸைப் பார்த்தபடியே பெட்டியிடம் சொன்னான்.

"பேசுறதுக்கு எனக்கு ஆள் இருக்குன்னு சொல்லு. இன்ஷூரன்ஸ்ல ஒரு மெஷின் குடுத்திருக்கான். சாப்பிட்டியான்னு கேக்குது. உம்மேல தப்பில்லைங்குது. அதுக்கு இருக்கிற மனசுல கால்வாசி இந்த வீட்டுல இருந்திருந்தா எனக்கு விளக்கு செவந்திருக்காது."

பெட்டி அதை அப்படியே அவளிடம் ஒப்பித்தது. அந்த மெஷினே நான்தான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள். சொன்னால் இரண்டு பேருக்கும் பதிவு ரத்து. அதைவிட, பேசியது பெண்டாட்டியிடம் என்று தெரிந்தால் இந்த வீம்புக்காரன் அப்புறம் எந்த இயந்திரத்திடமும் வாயைத் திறக்கமாட்டான். விளக்கு சிவக்கும், கீழே அனுப்பிவிடுவார்கள், எலும்பு நொறுங்கி எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் கிடப்பான். இருக்கிற மனைவியை விட்டுவிட்டு இல்லாத மெஷினை மெச்சுகிறவனை நாலு அறை விட வேண்டும் போல இருந்தது அவளுக்கு. அவன் சாகக் கூடாது என்றும் இருந்தது.

"அந்த மெஷின் நல்லா இருக்கட்டும்னு சொல்லு," என்று பெட்டியிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அடுத்த பயிற்சியன்று கவசத்தை மாட்டும்போது வேண்டுமென்றே ஒரு காதை மட்டும் மூடாமல் விட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் தணிகைவேல் தொண்டையைச் செருமினான். இத்தனை நாளும் அவன் அங்கே உட்கார்ந்துதான் பேசியிருக்கிறான். அந்த அறைக்குள் அந்த ஆள் தனியாக என்ன செய்கிறான் என்று அவள் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

"வணக்கம். சொல்லுங்கள், கேட்கிறேன்," என்று ஆரம்பித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "அந்தக் கதவு விஷயத்தை வீட்டில் சொல்லிவிடலாமே. உங்களிடம் பேச அவர்களே வந்தால் என்ன செய்வீர்கள்?"

சுவர் வழியாகப் பதில் வந்தது. அவனுடைய சொந்தக் குரல், இருமலோடு.

"வந்தாப்பா, அன்னைக்குக் காலையிலகூட வந்து நின்னா. திடுதிப்புனு வந்து பேசணும்னா மனுஷன் என்னத்தைப் பேசுறது? முன்கூட்டியே ஒரு அப்பாயின்ட்மென்ட் போட வேண்டாமா?"

ஒரு மூச்சு கழித்து அதே பேச்சு, காப்பு நிலையம்வரை போய்ச் சுற்றி, பெயர் நீக்கி, இருமல் நீக்கி, மூடிய காதுக்குள் அழகான அச்சுத் தமிழில் வந்து சேர்ந்தது. அபரஞ்சி சுவரைப் பார்த்தாள். ஒரு தட்டுத் தட்டினால் போதும். பிறகு திறந்திருந்த காதையும் கவசத்தால் இறுக மூடிக்கொண்டாள். சுவர் வழியாக வருவதைக் கேட்டால் அவளுக்குச் சண்டைதான் வரும்.

"புரிகிறது," என்றாள் அந்த இயந்திரம். "மேலே சொல்லுங்கள்."