மூன்றாவது செல்போன்

"ஐயோ...!"

அலறியது இளவரசு. காருக்குள் அவனைத் தவிர யாருமில்லை.

கடலூர் - சிதம்பரம் ரோடு. புதுச்சத்திரம் தாண்டி ஆள் நடமாட்டமில்லாத ஒரு வளைவு. எதிரே வந்த மஞ்சள் லாரி திடீரென்று ரோட்டின் குறுக்கே புகுந்து அவனை நோக்கிப் பாய்ந்தது!

பிரேக் போட நேரமில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தான்.

கடலூரே வாய் பிளந்து பார்க்கும் சொகுசு எலெக்ட்ரிக் கார் அது. உறுமல் கிறுமல் எதுவுமில்லாமல் அம்பாகச் சீறியது.

டமார்!

வலது பக்கக் கண்ணாடி மட்டும் பிய்த்துக்கொண்டு போனது. லாரி நிற்காமல் பக்கத்துக் குறுக்குச் சாலையில் புகுந்து பறந்தது.

ஓரங்கட்டினான். போன வாரம் நெல்லிக்குப்பத்தில், கரும்பு டிராக்டர்களுக்கு நடுவே அவனை இடிக்க வந்ததும் இதே லாரிதான்!

ஜெபஸ்டினுக்குப் போன் போட்டான். பள்ளிக்கூட நாளிலிருந்து நண்பன். பரங்கிப்பேட்டை இறால் பண்ணையில் சரிபாதிப் பங்காளி.

"மாப்ள, மறுபடியும் அந்த லாரிடா! கொல்லத்தான் வந்தான்!"

"அடிகிடி பட்டுச்சா?"

"இல்ல. ஆனா எப்பிடிடா? நான் சிதம்பரம் போறது ஈ காக்காய்க்குக் கூட தெரியாது. ஜெயராணிகிட்டயே பெண்ணாடம் மில்லுக்குப் போறேன்னுதான் சொல்லிட்டு வந்தேன்!"



"தப்பா நெனைக்காத மாப்ள... உன் காரு எங்க போவுது, எங்க நிக்குதுன்னு செல்போன்லயே தெரியும்ல?"

"ஆமா. கார் ஆப்ல தெரியும்."

"அது யார் யார் போன்ல இருக்கு?"

"என் போன்ல... அப்புறம்..."

இளவரசு, கண்ணாடி பிய்ந்துபோன இடத்தைப் பார்த்தான்.

"...ஜெயராணி போன்ல."

"அவ போனை எடுக்காத. எங்கயும் நிறுத்தாத. நேரா பண்ணைக்கு வா. நான் இருக்கேன்!"

கட்டிய மனைவி... ஜெயராணியா?

இரவு படுக்கப் போகும் முன் மறக்காமல் காருக்குச் சார்ஜர் சொருகுவது அவள்தான். 'பாதி வழில நின்னுட்டா என்னா பண்ணுவீங்க?' என்பாள்.

அவளா லாரி அனுப்பினாள்?

போன் அடித்தது. ஜெயராணி! கட் செய்தான். மறுபடியும் அடித்தது. கட்.

"எங்க செத்துக் கிடக்கறேன்னு பாக்கறியா, பாவி..."

கண்ணைத் துடைத்துக்கொண்டு காரின் பெரிய திரையைப் பார்த்தவன் திடுக்கிட்டான். பண்ணைக்குப் போட்டிருந்த வழி காணாமல் போயிருந்தது! அந்த இடத்தில் புதிய முகவரி...

'பரங்கிப்பேட்டை போலீஸ் ஸ்டேஷன்.'

ஆப் இருந்தால் வீட்டிலிருந்தபடியே காருக்கு வழி அனுப்பலாம். அனுப்பியது அவளேதான்!

"புகார் குடுத்து என்னை உள்ள தள்ளப் பாக்கறியா?"

அழித்தான். மீண்டும் வந்தது. மீண்டும் அழித்தான்.

பண்ணைக்குள் காரை நிறுத்தி இறங்கினான்.

ஷெட்டுக்குள்... அந்த மஞ்சள் லாரி! பம்பரில் அவன் காரின் வெள்ளைப் பெயின்ட்!

பின்னால் இரும்புக் கேட் மூடும் சத்தம். ஜெபஸ்டின் சிரித்துக்கொண்டே வந்தான். கையில் கடப்பாரை.

"வா மாப்ள. நானே லாரி ஓட்டியும் ரோட்டுல தப்பிச்சிட்ட. இறால் குட்டையில தப்ப முடியாது."

"நீ... நீயாடா?"

"கார் எடுத்த அன்னிக்கு ஆப் போட்டுக் குடுத்தது யாரு? அப்பவே மூணாவதா என் போனையும் சேத்துட்டேன். பண்ணைய வித்துடலாம்னு எவ்ளோ கெஞ்சினேன்... கேட்டியா?"

"ஒரே தட்டுல சாப்பிட்டோமேடா..."

"இன்னியோட தட்டு முழுசா எனக்கு!"

கடப்பாரை உயர்ந்தது...

பாம்! பாம்! பாம்!

ஆளில்லாத கார் தானாக ஹாரன் அடித்தது! ஹெட்லைட்டுகள் கண்ணைப் பறித்தன. ஜெபஸ்டின் மிரண்டு திரும்பினான். இளவரசு அவன் காலை வாரிவிட்டான். அதற்குள் கேட்டைத் தள்ளிக்கொண்டு போலீஸ் ஜீப் உள்ளே நுழைந்தது.

"அசையாத!" துப்பாக்கியோடு குதித்தாள் சப்-இன்ஸ்பெக்டர் ஆரோக்கிய அனிதா.

பின்னாலேயே ஜெயராணி. கையில் செல்போன். விரல் இன்னும் ஹாரன் பட்டன் மேல்!

"வண்டி அடிபட்டுச்சுன்னு ஆப்ல வந்துச்சு. நீங்க போனை எடுக்கல. ஜெபஸ்டின் அண்ணனுக்குப் போட்டா, 'நான் சென்னையில இருக்கேன், அவன் எங்கன்னே தெரியாது'ன்னாரு. ஆனா காரு அவர் பண்ணைக்குத்தான் வழி போட்டிருக்கு! ஆப்பை நோண்டினா மூணாவது போன்னு இவர் பேரு. ஓடிப்போய் மேடத்துகிட்ட விழுந்தேன்..."

இளவரசு தேம்பினான். "உன்னைப் போய் சந்தேகப்பட்டேனே ஜெயா..."

கைவிலங்கைப் பூட்டிய அனிதா நிமிர்ந்தாள்.

"ஆமா, கடலூர்லேர்ந்து எப்பிடிம்மா அவ்ளோ சீக்கிரம் ஸ்டேஷனுக்கு வந்தீங்க?"

"காலைலயே இவர் பின்னாடி டாக்ஸில கிளம்பிட்டேன் மேடம். பெண்ணாடம்னு சொல்றவரு காரு, வியாழக்கிழமையானா அண்ணாமலை நகர்ல வினோதினின்னு ஒருத்தி வீட்டு வாசல்ல நிக்குது. இன்னிக்குக் கையும் களவுமா புடிக்கலாம்னுதான் வந்தேன்!"

இளவரசு ஜெயராணியை விட்டு மெல்ல நகர்ந்தான்.

ஜெபஸ்டினை ஜீப்பில் ஏற்றிய அனிதா, காரின் முன்கதவைத் திறந்து உட்கார்ந்த ஜெயராணியைப் பார்த்தாள். பிறகு இளவரசுவிடம் குனிந்து கிசுகிசுத்தாள்.

"ஸ்டேஷனுக்கு எதுல வரீங்க சார்? என்னைக் கேட்டா... கொலைகாரன் பக்கத்துல ஜீப்புல ஒக்கார்றதுதான் சேஃப்டி!"