வெள்ளிக்கிழமைப் பாக்கெட்

அக்பர் அலி இடது கையால் டீ கிளாஸை எடுத்தார். மேட்டுப்பாளையத்தில் ஊதுபத்தி கம்பெனி வைத்திருப்பவர். இருபது குச்சி இருக்கவேண்டிய பாக்கெட்டில் பதினாறு, பதினேழுதான் இருக்கிறதென்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்களாம். போன மாதம் அறுபது பாக்கெட். பேக்கிங் மேசை நான்கு, மேசைக்கு ஒருவர். ஆளுக்குப் பதினைந்து வந்திருக்கவேண்டும். அவர்களில் ஒருவரான கொளஞ்சியின் எண் குத்தியது மட்டும் முப்பத்தேழு. திருட்டு என்று முடிவு கட்டி, எல்லார் முன்னாலும் கொளஞ்சியின் பையைக் கொட்டிப் பார்த்தார். டிபன் டப்பாவும் சீப்பும்தான் விழுந்தன. ஆனாலும் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

"அவ போயி மூணு வாரம் ஆவுது. இன்னும் குறையுதும்மா. இப்போ பக்கத்து மேசை பூவிழி மேல சந்தேகம். அவளையும் அனுப்பறதுக்கு முன்னாடி உங்களைக் கேட்டுடலாம்னு வந்தேன்" என்றார்.

உழவர்கரையில் துப்பறியும் அலுவலகம் நடத்தும் நிர்மலாவுக்கு அவசரம் ஆகாது. உதவியாளர் ராஜ்கமலுக்கு அதைத் தவிர வேறொன்றும் தெரியாது. பூவிழியின் மேசைக்கு மேல் கேமரா மாட்டிவிடலாம் என்று எழுந்தே விட்டார். நிர்மலா அவரை உட்காரவைத்தார்.

மறுநாள் இருவரும் கம்பெனிக்குப் போனார்கள். பேக்கிங் நோட்டையும், திரும்பி வந்த பாக்கெட்டுகளில் குத்தியிருந்த எண், தேதிகளையும் நிர்மலா ஒரு மணி நேரம் பார்த்தார்.

"நூறு பாக்கெட் போட்டா அதுல அறுபது கொளஞ்சி போட்டது. அப்போ திரும்பி வர்ற அறுபதுல அவங்க பங்கே முப்பத்தாறு. வந்தது முப்பத்தேழு. ஒண்ணு முன்னப்பின்ன இருக்கத்தான் செய்யும். நீங்க மேசையை எண்ணுனீங்க பாய், வேலையை எண்ணலை."

அக்பர் அலியின் முகம் வாடியது. அப்படியானால் யார் என்று கேட்டார்.

யார் என்பதை விட்டு என்றைக்கு என்று பார்த்தாராம் நிர்மலா. வாரத்தில் ஆறு நாளும் ஒரே அளவு சரக்குதான் போகிறது. திரும்பி வந்த அறுபதில் நாளுக்குப் பத்து இருக்கவேண்டும். எட்டோ பன்னிரண்டோ வந்தாலும் தவறில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் போட்டவை மட்டும் நாற்பத்து நான்கு.

வெள்ளிக்கிழமை என்ன விசேஷம் என்று ராஜ்கமல் கேட்டார். ஜும்மா தொழுகைக்குப் போகுமுன் வண்டி கிளம்பவேண்டும், அதனால் தானே மேசை மேசையாகப் போய்க் கைகொடுப்பதாகச் சொன்னார் அக்பர் அலி. தனக்கு எண்ணவே வேண்டாமாம். ஒரு பிடி பிடித்தால் சரியாக இருபது குச்சி வருமாம்; முப்பது வருடமாகத் தப்பியதில்லையாம். நுணலும் தன் வாயால் கெடும்.

"ஒரு பிடி எடுங்க பாய்."

வலது கையால் அள்ளினார். ராஜ்கமல் எண்ணினார்: பதினாறு. மறுபடி அள்ளினார்: பதினேழு.

"நேத்து டீயை இடது கையால எடுத்தீங்க" என்றார் நிர்மலா.

"ரெண்டு மாசம் முன்னாடி ஸ்கூட்டர்லேர்ந்து விழுந்தேன். கட்டைவிரல் முன்ன மாதிரி விரியலை." கொளஞ்சி குற்றமற்றவர் என்று நிர்மலா எழுதித் தந்தால், அந்தக் கடிதத்தை அவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

"பையை எங்க கொட்டுனீங்களோ, அங்கேயே சொல்லுங்க" என்றார் நிர்மலா.

அக்பர் அலி நேரில் போய்க் கொளஞ்சியை அழைத்துவந்து, அந்த வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் சொன்னார். "குறைச்சது என் கை. பழியைக் கொளஞ்சி மேல போட்டுட்டேன்." சொல்லும்போதே அழுதுவிட்டார்.

பாக்கெட்டில் போட அவர் அள்ளி வைத்திருந்த குச்சிகளைக் கொளஞ்சி வாங்கிக்கொண்டார். "தொழுகைக்கு நேரமாச்சு பாய், போங்க" என்றார்.

மறுநாளிலிருந்து ஒழுங்காக வேலைக்கு வருகிறார். பை மட்டும் கொண்டுவருவதில்லை. டிபன் டப்பாவை எல்லாரும் பார்க்கக் கையிலேயே பிடித்து வருகிறார். வாசலில் நிற்கும் அக்பர் அலி தினமும் அதைப் பார்க்கிறார்.