கட்டில் செய்தவர்

பாடாங் செராய்க்கு வெளியே, மூடிக்கிடந்த தோட்டத்தில் கடைசி லயத்துக்கு, கடைசித் தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் திவாகரன் இரவல் வேனை ஒரு வீட்டு வாசலை ஒட்டி நிறுத்தினார். மறுவாரம் அந்த லயத்தை இடிக்கப் போகிறார்கள். இடிக்கிற குத்தகைக்காரர் இவருக்குப் பழக்கம், வேண்டிய பலகையை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். எங்கள் மகள் லோஷினிக்குக் கட்டில் செய்யத்தான்.

இவருடைய கைவேலையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கூலிமில் தொழிற்சாலை வேலை, ஓய்வு நேரத்தில் மரவேலை என்று ஒரு ஆசை. கையில் ஒரு ட்ரில், ஒரு ரம்பம், போனில் நிறைய வீடியோ. போன வருடம் செய்த செருப்பு அலமாரி சாய்ந்தே நின்றது. என் தம்பி சுகுமாரன் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்சப்பில் போட்டு, எல்லோரும் தலையைச் சாய்த்துப் பாருங்கள், நேராகத் தெரியும் என்று எழுதினான். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், ஆனால் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அந்த வீம்பில்தான் மகளின் கட்டிலை என் கையாலேயே செய்வேன் என்று அதே வாட்சப்பில் சூளுரைத்தார்.

அந்த வீட்டுக்குள் இருட்டாக இருந்தது. ஆள் இல்லாமல் பல வருடம் ஆகியும் வெற்றிலை வாசமும் அப்போதுதான் சீவிய மரத்தின் வாசமும் அடித்தன. சுவரோரம் ஒரு நீளமான வேலை மேசை, கல் மாதிரிக் கனத்த பலகைகள். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எடுக்கலாமே என்றேன். யாரைக் கேட்பது, வௌவாலையா என்று கேட்டுக்கொண்டே அவர் மேசையைக் கழற்ற ஆரம்பித்தார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் வேலை நடந்தது. நடந்தது என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். கால் நான்கும் நான்கு உயரம். ஸ்க்ரூ பாதியில் வளைந்து நிற்கும். கட்டிலில் கையை வைத்தால் ஆடும். லோஷினியின் பிறந்தநாள் நெருங்க நெருங்க மனிதரின் முகம் சுருங்கிப்போனது. பாவமாக இருந்தது எனக்கு.

பிறந்தநாளுக்கு முந்தின தினம், பிற்பகலில் பிள்ளையை அழைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தேன். ஷெட்டில் அவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கட்டில்.

ஆடவில்லை. ஸ்க்ரூ ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மரத்துக்குள் மரம் போய்க் கோர்த்து நின்றது. தரையெல்லாம் சுருள் சுருளாகச் சீவல்.

நீங்களா செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் கட்டிலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

"ஆமா," என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே படம் எடுத்து வாட்சப்பில் போட்டேன், தம்பியின் பெயரைக் குறிப்பிட்டே போட்டேன். பாராட்டு வந்து குவிந்தது. சுகுமாரன்கூட மன்னிப்புக் கேட்டு எழுதினான். எங்கள் வீட்டில் இழைப்புளியே கிடையாது, அந்தச் சீவல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் பண்டார் பாருவிலிருந்து என் அம்மா வந்தார், சுகுமாரனும் கூட. எங்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. புதுக் கட்டிலில் பிள்ளையைப் போடுவதற்கு முன்னால் செய்தவரைப் பலகையில் உட்கார வைத்து, வேட்டியோடு வெற்றிலை பாக்குத் தட்டு கொடுக்க வேண்டும். அவர் வாங்கிக்கொண்டு, பிள்ளை நல்லா தூங்கட்டும் என்று சொன்ன பிறகுதான் அந்தக் கட்டில் அவர் கையை விட்டுப் பிள்ளைக்குச் சொந்தமாகும்.

அம்மா கட்டிலின் மூலையைத் தடவித் தடவிப் பார்த்தார். அவர் நாங்கள் பலகை எடுத்த அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்.

"மணியம் ஆசாரி கை மாதிரியே இருக்கு மாப்பிள்ளை. அந்தக் கடைசி லயத்துலதான் இருந்தாரு, செத்துப் பல வருஷமாச்சு. தோட்டத்துல பிள்ளை பொறந்தா தொட்டிலும் அவருதான், செத்தா பெட்டியும் அவருதான்."

இவர் தட்டுக்குக் கை நீட்டியபோது வெற்றிலை ஒன்று நழுவி விழுந்தது. இருந்தும் வாங்கிக்கொண்டார். சொல்ல வேண்டியதையும் சொன்னார்.

அதற்குப் பிறகு கட்டில் வளர ஆரம்பித்தது.

முதலில் பக்கப் பலகை ஒரு சாண் உயர்ந்திருந்தது. பிள்ளை விழாமல் இருக்கச் செய்தீர்களா என்று கேட்டதற்கு, ம் என்றார். அப்புறம் கால்மாடு குறுகியது. கைகாலைப் பரப்பிப் போட்டுத் தூங்குகிறவள் லோஷினி, இப்போது இரண்டு கையையும் உடம்போடு ஒட்டி நேராகக் கிடந்தாள். உள்ளே நெருக்கமாக இருக்கிறது என்றாள். எங்களோடு படுக்க வைத்தோம். விடிந்து பார்த்தால் கட்டிலில் கிடந்தாள், எப்படிப் போனாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தேன். அவள் அறைச் சுவரில் ஒரு பலகை சாய்த்து வைத்திருந்தது. நன்றாக இழைத்த பலகை. தலைப்பக்கம் அகலம், கால்பக்கம் குறுகல்.

தூக்கிக் கட்டிலின் மேல் வைத்துப் பார்த்தேன்.

கச்சிதமாக மூடிக்கொண்டது.

நான் போட்ட சத்தத்தில் ஓடி வந்தவர் அதைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் செய்யல ரூபினி. குளிச்சிட்டு வந்து பாக்குறேன், முடிஞ்சு நிக்குது. நீ வந்து கேட்டியா... உன் தம்பி மூஞ்சிதான் கண்ணு முன்னால வந்திச்சு."

அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது எனக்கு. அப்போதே ரம்பத்தை எடுத்தார். பல் மழுங்கியதே தவிர மரத்தில் கீறல்கூட விழவில்லை. பிறகு தனியாக ஷெட்டில் ஒரு தாம்பூலத் தட்டை வைத்துக் கும்பிட்டார். திரும்பி வந்து பார்க்கும்போது வெற்றிலை கருகிக் கிடந்தது.

"எல்லாரு முன்னால வாங்கினீங்க. எல்லாரு முன்னாலதான் திருப்பிக் குடுக்கணும்," என்றேன்.

"சுகுமாரன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். பிள்ளை இருப்பா."

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரையும் வரச் சொன்னோம். கூடத்தில் பலகையைப் போட்டு, அன்று வாங்கிய வேட்டியோடு வெற்றிலை பாக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டிலை நான் செய்யவில்லை என்றார் இவர். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு சுகுமாரன் சிரித்தான்.

"மச்சான், அடக்கம் போதும்லா."

அம்மாவும் சிரித்துக்கொண்டே தட்டை இவர் நெஞ்சுப்பக்கம் தள்ளினார். உண்மையைச் சொன்னால் ஒருவரும் நம்பவில்லை. பொய்யைச் சொன்னபோது ஒரே தடவையில் நம்பினார்கள்.

இவர் அழுதுவிட்டார். மாமியார் முன்னால், மச்சினன் முன்னால், மூக்கு ஒழுக. எனக்கு நேராக ஒரு ஸ்க்ரூ போடத் தெரியாது, அந்தச் செருப்பு அலமாரிதான் என் வேலை, மற்றவர் வேலையை என் வேலை என்று சொல்லி மரியாதை வாங்கிக்கொண்டேன் என்று சொன்னார். சொல்லிவிட்டுத் தட்டைக் காலிப் பலகையின் மேல் வைத்து விழுந்து கும்பிட்டார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

பின்னால் ஷெட்டில் சத்தம் கேட்டது.

சர்ர்... சர்ர்...

இழைப்புச் சத்தம்.

"மச்சான்," என்றான் சுகுமாரன். "நீங்க இங்கதானே இருக்கீங்க?"

வெற்றிலை வாசம் கூடம் முழுக்கப் பரவியது. சத்தம் நின்றது. அம்மா கை நீட்டிக் காட்டியபோதுதான் பார்த்தோம், தட்டு காலி. வேட்டியும் இல்லை. அறைக்குள்ளிருந்து லோஷினி கட்டில் பெரிதாகிவிட்டது என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். பக்கப் பலகை பழையபடி தாழ்ந்திருந்தது. சுவரில் சாய்த்திருந்த மூடியைக் காணவில்லை. அன்று பிற்பகல் அவள் கைகாலைப் பரப்பிக்கொண்டு தூங்குவதைப் பார்த்து நானும் அம்மாவும் அழுதோம்.

அவள் எழுந்த பிறகுதான் இவர் ஷெட்டுக்குப் போனார். நேரமாகியும் வரவில்லை. போய்ப் பார்த்தேன். தரையில் புதிதாக இழைத்த ஒரு நீளப் பலகை கிடந்தது. தலைப்பக்கம் அகலம், கால்பக்கம் குறுகல். பிள்ளையின் உயரம் இல்லை. இவர் அதன் பக்கத்தில் படுத்து அளந்து பார்த்துக்கொண்டிருந்தார், சரியாக இவர் உயரம்.

எரித்தோம். மறுநாள் அதே பலகை அங்கே கிடந்தது, கூடவே இன்னொன்று. பிள்ளையின் கணக்குதான் தீர்ந்தது, இவருடையது தீரவில்லை.

இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே இவர் சொல்லிவிடுகிறார், கட்டிலை நான் செய்யவில்லை என்று. தலையைக் குனிந்துகொண்டுதான் சொல்கிறார். சொல்லும்போது பின்னால் ஷெட்டில் கேட்கிற இழைப்புச் சத்தம் நின்றுவிடும்.

சொல்லி முடித்ததும் மறுபடி ஆரம்பிக்கும்.