சிங்காநல்லூருக்குச் சிவப்பு ஊசி

போன் அலறியது.

மௌனிகா எடுத்தாள்.

"அம்மணி... கிணத்துக்கடவு சாமுவேல் செத்துட்டாருங்க! பைக்கை லாரி அடிச்சுப்போட்டுதுங்க... லாரி நிக்கவே இல்லீங்க!"

போனை வைத்தாள்.

இரண்டாவது சாவு! போன வாரம்தான் மேட்டுப்பாளையம் அப்துல் முத்தலிப். அதுவும் லாரிதான்!

இரண்டு பேருமே கட்சியின் கமிட்டிச் செயலாளர்கள். இரண்டு ஊருக்கும் பச்சை ஊசி குத்தியவள் இவள்தான்.

அதுதான் அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை வேட்பாளர் தேர்வுக் கூட்டம். யஷ்வந்த்தா, சென்னகிருஷ்ணனா? எந்த ஊர்க் கமிட்டி யார் பக்கம் என்று போனில் விசாரித்து, யஷ்வந்த் ஆபீஸ் சுவரில் தொங்கும் மேப்பில் ஊசி குத்த வேண்டும். யஷ்வந்த்துக்கு ஆதரவென்றால் பச்சை. சென்னகிருஷ்ணனுக்கென்றால் சிவப்பு.

பச்சை குத்தினால் ஆள் காலி... அப்படியானால் கொல்வது சென்னகிருஷ்ணன்!

அடுத்த பச்சை?

சிங்காநல்லூர். செயலாளர் பங்காரு. தெருநாயைக்கூட 'தள்ளிப் போங்க' என்று சொல்கிற மனிதர்.

மௌனிகாவின் அப்பா!

பச்சையைப் பிடுங்கினாள். சிவப்பைக் குத்தினாள்.

கதவு திறந்தது. யஷ்வந்த். வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், உதட்டில் எந்நேரமும் ஒரு சிரிப்பு.

"ஏனுங் அம்மணி, சிங்காநல்லூர் செவந்துபோச்சு?"

"அப்பா மனசு மாறிட்டாருங்கண்ணா... சென்னகிருஷ்ணன் பக்கம் போறாராமுங்க."

பச்சைப் பொய்! ஆனால் சேதி எப்படியாவது சென்னகிருஷ்ணன் காதுக்கு எட்டிவிடும். எட்டினால் அப்பா பிழைப்பார். பெற்றவரைக் காப்பாற்றச் சொல்லும் பொய்யில் பாவமில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

"அடடா... உங்கப்பாவ ரொம்ப நம்பியிருந்தனுங்க."

யஷ்வந்த் வராந்தாவுக்குப் போனான். போனில் இரண்டு வார்த்தை பேசினான். திரும்பி வந்தான்.

"அண்ணா, நம்ம ஆளுகளையே தேடித் தேடிக் கொல்றாங்க. போலீசுக்குப் போலாமுங்க."

"நம்ம ஆளுகளா? ஆரு?"

"சாமுவேல், முத்தலிப்! 'நம்ம பக்கம் வாரீங்களா'ன்னு கேட்டேன். 'வாரேனுங்க அம்மணி'ன்னாங்களே!"

யஷ்வந்த் விழுந்து விழுந்து சிரித்தான்.

"நீங்க பேசுன ரெக்கார்டிங்க நானும் கேட்டனுங்க. 'வாரேனுங்க'ன்னு சொல்லி டக்குனு வெச்சுட்டாங்க. அது சம்மதம் இல்லீங்க. 'ஆளை உடுங்க சாமி, கெளம்பறேன்'னு அர்த்தம்! மொகத்துக்கு நேரா முடியாதுங்கற பழக்கம் நமக்கு ஏதுங்க?"

"அப்ப... அவங்க நம்ம ஆளுக இல்லீங்களா?"

"இல்லீங்க. அதனாலதான் இப்ப அவங்களே இல்லீங்க!"

மௌனிகா மேப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

"செயலாளர் போனா, கமிட்டிக்குத் துணைச் செயலாளர் பேசுவாருங்க. துணையெல்லாம் நம்ம பசங்க."

சிவப்பு ஊசி... அப்பா...!

"அண்ணா! நான் சொன்னது பொய்ங்க! அப்பா உங்க பக்கந்தானுங்க! சாமி சத்தியமா!" காலில் விழுந்தாள்.

"எந்திரிங்க அம்மணி. அப்பனைக் காப்பாத்தப் பொண்ணு பொய் சொல்றது சகஜந்தானுங்க."

"போலீசுக்குப் போவேன்!"

"போங்க. ஆரு எந்தப் பக்கம்னு ஊசி குத்துனது உங்க கைதானுங்களே?"

வெளியே போனான். கதவைப் பூட்டினான். போனை அவளிடமே விட்டுவிட்டுப் போனான்... அத்தனை தைரியம்!

அப்பா நம்பரை அழுத்தினாள்.

"அப்பா! எங்க இருக்கீங்க?"

"ஊட்டு வாசல்லதான் கண்ணு. யஷ்வந்த் தம்பி எனக்குன்னு காரே அனுப்பியிருக்குது! எத்தனை மரியாதை பாரு. கமிட்டி மொத்தமும் தம்பிக்குத்தான்னு நேர்லயே சொல்லிப்போட்டு..."

"ஏறாதீங்கப்பா! ஏறாதீங்க!"

"என்ன கண்ணு? ஒண்ணுமே கேக்குல... டிரைவரு ஆரன் அடிக்கறாரு, பாவம், எத்தனை நேரம் நிப்பாரு..."

கார்க் கதவு சாத்தும் சத்தம்.

"வாரேனுங்க அம்மணி!" என்றார் அப்பா.

போன் அடங்கியது.

மறுபடி அடித்தாள். சுவிட்ச் ஆஃப்! போலீசுக்கு அடித்தாள். என்ன கார் என்று கேட்டார்கள். தெரியாது. எந்தப் பக்கம் போனது? தெரியாது. எதுவுமே தெரியாது!

"அப்பா...!"

கதவை அறைந்து அறைந்து கை வீங்கியது. யார் பக்கம் யார் என்று மாவட்டம் முழுக்க அறிந்தவள், நின்ற இடத்திலேயே சரிந்து கதறினாள்.

கதவுக்கு வெளியே யஷ்வந்த் இருமினான்.

"ஏனுங் அம்மணி... அழுது முடிச்சப்புறம், சிங்காநல்லூருக்கு ஒரு பச்சை ஊசி எடுத்து வெய்யுங்க!"