சுரேன் வீடு திரும்பிய சாயங்காலம்

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கவே இல்லை. கருப்பம்மாளுக்கு அதுதான் முதலில் உறைத்தது. அடுப்படியில் மெழுகுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தவள் திரும்பினால், மகன் நடுவீட்டில் நிற்கிறான். உச்சி முதல் உள்ளங்கால் வரை நனைந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி.

"வந்துட்டியாய்யா! எப்ப வந்த?"

அவன் திரும்பவில்லை. போகட்டும், வந்துவிட்டான். அது போதும்.

நீரிணையில் கிளம்பிய புயல் பேராக் மாநிலத்துப் பக்கம் திரும்பிவிட்டது என்று காலையிலிருந்தே டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பீடோர் பட்டணத்துக்கு வெளியே, ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்ட அந்தப் பழைய தோட்டத்தில் மிச்சமிருந்த சில குடும்பங்களும் மத்தியானமே பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கிளம்பிவிட்டன. பக்கத்து வீட்டு மாயாண்டி வேனை வாசலில் நிறுத்திக் கெஞ்சினான். "ஏறுக்கா, ஆத்துல தண்ணி ஏறுதுலா."

"சுரேன் வேலை முடிஞ்சு நேரா இங்கதான் வருவான். பூட்டின வீட்டுக்கா வரச் சொல்ற? நீ போ தம்பி. அவன் வந்ததும் ரெண்டு பேருமா மோட்டார்ல வந்துர்றோம்."

புருஷன் போன பிறகு அவளுக்கென்று இருந்தவன் அவன் ஒருத்தன்தான். பீடோரில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை. எவ்வளவு மழை பெய்தாலும் விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிற பிள்ளை.

துவாலையை எடுத்து வந்து அவனைத் தரையில் உட்காரவைத்து, பின்னால் மண்டிபோட்டுத் தலையைத் துவட்டினாள். மேலே தகரக் கூரையைக் காற்று பிடித்து உலுக்கியது. செம்பனை மட்டைகள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம், அதற்கும் அப்பால் ஆறு உறுமுகிற சத்தம், எல்லாம் ஒன்றாகக் கலந்து சுவர் வழியாக அவள் விலா எலும்பு வரைக்கும் வந்து அதிர்ந்தது. அவன் தலையிலிருந்து ஒரு வாடை. மழை வாடை இல்லை. அடியில் கிடந்து அழுகிய இலையும் சேறும் சேர்ந்த ஆத்து வாடை. துவட்டினாள், பிழிந்தாள், மறுபடி துவட்டினாள். முடி காயவே இல்லை.

"பாலத்துல தண்ணியாய்யா?"

"ஆமாம்மா."

பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல ஒரு குரல். அவள் கை நின்றது.

"குளிருதும்மா."

"இரு சாமி. சூடா மீலோ கலக்கித் தாரேன்."

தண்ணீர் கொதிக்கும்போது கைப்பேசி அடித்தது. மாயாண்டி. இரைச்சலுக்கு நடுவே அவன் அழுவது மட்டும்தான் முதலில் கேட்டது.

"அக்கா... எங்கக்கா இருக்க?"

"வீட்லதான். சுரேன் வந்துட்டான்லா. மீலோ குடிச்சிட்டு..."

"அக்கா." அவன் மூச்சை இழுத்துக்கொண்டான். "அப்படிச் சொல்லாதக்கா. அவன மோட்டாரோட ஆறு அடிச்சிக்கிட்டுப் போயிருச்சு. பாலத்துக்குக் கீழ, மரத்துல மாட்டிக் கிடந்தான். நானும் தீயணைப்புப் பொம்பாக்காரங்களும்தான் எடுத்தோம். இப்பப் படகுல என் மடியிலதான் இருக்கான். உன்னையும் ஏத்திக்கத்தான் வாரோம். கதவத் தொறந்து வையி."

கருப்பம்மாள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நடுவீட்டைப் பார்த்தாள். அதே முதுகு. பட்டறைச் சட்டை. சின்ன வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து கழுத்தில் வாங்கிய தழும்பு. அவள் பெற்ற பிள்ளை. அந்தத் தழும்புக்குக் கீழே சதை வெளுத்து, ஊறி, உரிந்திருந்தது.

கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. கத்தினால் அவன் திரும்பிவிடுவான். இல்லை, போய்விடுவான். இரண்டில் எதற்குப் பயப்படுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கைப்பேசியை அணைத்தாள். முன்கதவுக்குப் போனாள். மேல் தாழ்ப்பாள். கீழ் தாழ்ப்பாள். மேசையை இழுத்து முட்டுக்கொடுத்தாள். கதவைத் திறந்தால் வெளியே ஒரு சுரேன் படுத்திருப்பான். திறக்காதவரைக்கும் இவன் இருப்பான்.

கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. பழுப்புத் தண்ணீர். கணுக்கால். சத்தமில்லாமல் முழங்கால். மெழுகுவத்தியை அலமாரி மேல் வைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இடுப்புவரை குளிர். அவன் தலை மெல்லச் சாய்ந்து அவள் தோளில் விழுந்தது. கல் மாதிரி கனம்.

வெளியே விளக்கு வெளிச்சம் அலைந்தது. படகு சுவரில் இடித்தது. கதவில் தட்டினார்கள். பிறகு உதைத்தார்கள்.

"அக்கா! தொறக்கா! தண்ணி ஏறுதுக்கா!"

தோளில் கிடந்த தலை அசைந்தது.

"யாரும்மா?"

"யாருமில்லய்யா. காத்து."

"கதவத் தொறக்கப் போறியாம்மா?"

"இல்லய்யா. அம்மா எங்கயும் போகல."

தண்ணீர் நெஞ்சுக்கு வந்திருந்தது. மேசை மிதந்து நகர்ந்தது. அப்போதுதான் அவன் திரும்பினான். முழு முகமும். இவ்வளவு நேரம் அவளுக்குக் காட்டாத முகம்.

கண் இருந்த இடத்தில் மணல். வாய் நிறைய மணல். அம்மா என்று சொல்லத் திறந்த வாய் மூடவே இல்லை.

கருப்பம்மாள் சேலை முந்தானையை விரலில் சுற்றி, கைக்குழந்தைக்குத் துடைப்பதுபோல, ஒவ்வொரு கண்ணாகத் துடைக்க ஆரம்பித்தாள்.