அறுபத்தொன்றாவது கல் அருகில்

பழைய வளைவின் முகப்பில் நாங்கள் ஜீப்பை நிறுத்தியபோது பகல் பன்னிரண்டு இருபது. நேரத்தை அப்போதே குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அன்று நான் குறித்த நேரங்கள் நடந்தவற்றோடு ஒத்துப்போகவில்லை. தவறு என்னுடையதாக இருக்கலாம் என்று திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

அந்த மாநில நெடுஞ்சாலை எண்பத்து நான்கு கிலோமீட்டர் நீளம். வழியில் ஐந்து சிற்றூர்கள். முதல் ஊர் முழுக்க மரப்பட்டறைகள். உள்ளே நுழையும்போதே மூக்கில் மரத்தூள் ஏறும். அடுத்த ஊரின் பேருந்து நிலையத்தை வெளியே கொண்டுபோய் விட்டதால், ஊர் பகலிலும் தூங்கிவழியும். மூன்றாவது ஊரில் சாலையே கடைத்தெரு. செருப்புக்கடைப் பலகைக்கும் லாரிக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. அதைத் தாண்டியதும் மூடிப்போன கல்குவாரி ஒன்று வரும். சாலை முன்பு அந்தக் குவாரியைச் சுற்றி வளைந்து போனது. மூன்று வருடங்களுக்கு முன் வளைவைத் தவிர்த்து நேராக ஒரு துண்டு போட்டார்கள். பழைய வளைவு புதருக்குள் அப்படியே கிடந்தது.

சாலையை மறுபடி அளக்கச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லும் தன் இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நாங்கள் மூன்று பேர். ஓவர்சியர், பதிவேடு எழுதும் நான், டிரைவர். டிரைவரை எல்லோரும் ரிவர்ஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டியை முன்னால் ஓட்டுவதைவிடப் பின்னால் எடுப்பதில் அவர் கெட்டிக்காரர்.

"அடுத்தது அறுபத்தொண்ணு, சார்," என்றேன். "பழைய வளைவுல இருந்த கல்லை எடுத்தாச்சான்னு ஒருதடவ பாத்துடலாமா?"

"எடுத்தாச்சுன்னு பதிவேட்டுலயே இருக்கேம்மா. நீதானே எழுதின?"

"எழுதினேன் சார். நேர்ல பாக்கல."

ஓவர்சியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ஈவினிங் காலேஜ்ல இதத்தான் சொல்லித் தராங்களா? எழுதினதையே நோண்டிக்கிட்டு இருன்னு?"

"விடுங்க சார்," என்று சிரித்தார் ரிவர்ஸ். "தங்கச்சி வீட்டைப் பூட்டிட்டு நாலு தடவ இழுத்துப் பாக்குற ரகம்."

ஐந்து தடவை. நான் அதைச் சொல்லவில்லை.

ஓவர்சியர் புதரைப் பார்த்தார். பிறகு இறங்கி, "நீங்க இங்கயே இருங்க. நானே போய்ப் பாத்துட்டு வரேன்," என்றார். வண்டியின் பின்பக்கம் போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டார். பழைய தாரின் மேல் அவருடைய செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

"கல்லு இல்லன்னு பாக்க எதுக்குத் தங்கச்சி கடப்பாரை?" என்றார் ரிவர்ஸ். இப்போது அவர் சிரிக்கவில்லை.

பதிவேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

"இங்க ஒரு பொண்ணு செத்துச்சே, உனக்குத் தெரியாதா? டெய்லரு. குவாரிக்குப் பின்னாடி பத்துப் பதினஞ்சு வீடு இருக்கு பாரு, அங்கதான் அது வீடு. தைச்ச துணி மூட்டையை ஸ்கூட்டர்ல வச்சுக்கிட்டு இந்த வளைவு வழியா வந்திருக்கு. டிப்பர்காரன் ஒருத்தன் இடிச்சுட்டு நிக்காமப் போயிட்டான்."

"ஆம்புலன்ஸ் வரலையா அண்ணே?"

"வந்துச்சே. ஓட்டினதே என் மச்சான்தான். அந்தப் பொண்ணே போன் பண்ணிருக்கு. எங்கம்மா இருக்கன்னு கேட்டா, தலைமாட்டுல நின்ன கல்லைப் பாத்து, அறுபத்தொண்ணு பக்கத்துலன்னு சொல்லிருக்கு. இவன் நேரா புது ரோட்டு அறுபத்தொண்ணுக்குப் போறான். ஆளே இல்ல. திரும்பக் கேட்டா, அங்கதாண்ணே இருக்கேன், உங்க வண்டிச் சத்தம்கூடக் கேக்குதுங்குது. மூணு தடவ போயிருக்கான். நாலு மணி நேரம் ரத்தம் போயே செத்துச்சு. கடைசில இவன் இடத்துக்கே போகலன்னு சொல்லி வேலைய விட்டுத் தூக்கிட்டாங்க. இப்ப வீட்டுல உக்காந்து சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கான்."

"எப்போ நடந்துச்சு?"

"புது ரோடு தொறந்து மூணு வாரம்கூட ஆகல."

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கல்லைப் பிடுங்குபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர். சரிபார்ப்பவர் அந்த இடத்துக்கே போய், கல் நின்ற குழியைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும். ஒரே எண்ணில் இரண்டு கற்கள் நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி. புதுச் சாலை திறந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம். தேநீர் வேளையில் ஓவர்சியர் பதிவேட்டைத் திறந்து நீட்டினார். 'பழைய வளைவில் இருந்த கற்கள் அகற்றப்பட்டன' என்று என்னையே எழுதச் சொன்னார். "குழியைக்கூட மூடியாச்சும்மா, போடு," என்றார். 'சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வீட்டுப் பூட்டை ஐந்து தடவை இழுத்துப் பார்க்கிறவள் நான்.

ரிவர்ஸிடம் அதைச் சொன்னேன். அவர் மெதுவாக, "இத அப்படியே எழுதிக் குடு தங்கச்சி. என் மச்சான் மேல தப்பில்லன்னு ஆகும்," என்றார். சரி என்றேன்.

பன்னிரண்டு நாற்பத்தைந்துக்கு என் கைப்பேசி அடித்தது. ஓவர்சியர்.

"ஏம்மா, சீக்கிரம் வாங்க. கல்லு சாஞ்சு என் கால் மேல விழுந்துடுச்சு."

"எங்க சார்?"

பதில் வருவதற்கு முன் வேறொரு குரல் கேட்டது. ஒரு பெண்ணின் குரல். மிக மெதுவாக, சொல்லிக்கொடுப்பது போல. அவள் சொன்னதை அவர் திருப்பிச் சொன்னார்.

"அறுபத்தொண்ணு பக்கத்துல."

ரிவர்ஸ் வண்டியை வளைவுக்குள் விட்டார். இரண்டு பக்கமும் முட்செடிகள் கதவுகளை உரசின. நல்ல வெயில். ஆனால் ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லை. குவாரிப் புழுதியோடு, இன்னும் துவைக்காத புதுத் துணியின் வாசனையும் தையல் இயந்திர எண்ணெயின் வாசனையும் வந்தன. ரிவர்ஸும் மூக்கை உறிஞ்சினார். அதனால் அது என் பிரமை இல்லை.

கல் இருந்தது. பச்சைத் தலையோடு நேராக நின்றது. 61. அதன்மேல் கடப்பாரை சாய்ந்திருந்தது.

ஓவர்சியரைக் காணவில்லை.

"சார், கல்லுகிட்டதான் நிக்கிறோம். நீங்க எங்க?"

"ஜீப் சத்தம் கேக்குதும்மா. ஏன் நிக்காமப் போறீங்க?"

எங்கள் வண்டி நின்றுகொண்டிருந்தது. எஞ்சினை அணைத்தாகிவிட்டது.

"என்னைத் தாண்டிப் போறீங்களேடா!"

ரிவர்ஸ் வண்டியைக் கிளப்பினார். வளைவு முடிந்து புதுச் சாலையில் ஏறியதும் வருவது அறுபத்திரண்டாவது கல். காலையில் நானே வரைபடத்தில் குறித்தது.

அதில் 61 என்று இருந்தது.

"திருப்புங்கண்ணே."

புதுச் சாலையிலேயே திரும்பி வந்தோம். அறுபத்தொன்று. அதற்கும் முந்தைய கல்லுக்குப் போனோம். பதினொன்றே முக்காலுக்கு அதன் அடியில் அளவுச் சக்கரத்தை வைத்து, அறுபது என்று என் கையாலேயே எழுதியிருந்தேன்.

அதிலும் 61.

ரிவர்ஸின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கைப்பேசியில் ஓவர்சியரின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. "குளிருதும்மா," என்றார். அதற்கு முன்னால் அந்தப் பெண் குரலும் அதையே சொன்னது. "தண்ணி," என்றாள் அவள். "தண்ணி," என்றார் அவர். பிறகு அவள் மட்டும் பேசினாள். அவர் திருப்பிச் சொல்லவில்லை.

"சரிபார்த்தது யாரு?"

நான் இணைப்பைத் துண்டித்துவிட்டேன்.

இரண்டாவது முறை வளைவுக்குள் போனபோதும் அவர் இல்லை. மூன்றாவது முறை போனபோது இரண்டு பத்து. முதலில் நாங்கள் நின்ற அதே இடத்தில், சாய்ந்த கல்லுக்கு அடியில் அவர் கிடந்தார். எங்கள் ஜீப்பின் டயர்த் தடம் அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளிப் போயிருந்தது. ரத்தம் தாரில் காய்ந்து கறுத்திருந்தது. நாலு மணி நேரமாவது ரத்தம் போயிருக்க வேண்டும் என்றார் மருத்துவமனை டாக்டர். பகல் பன்னிரண்டு இருபதுக்குக்கூட அவர் எங்களோடு ஜீப்பில் உட்கார்ந்திருந்தார் என்றேன். டாக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

மறுநாள் எல்லாவற்றையும் இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு பொறியாளரின் அறைக்குப் போனேன். அவர் அதை வாங்கவில்லை.

"குவாரிப் பாறை உருண்டு விழுந்து செத்தார்னு எழுதியாச்சு," என்றார். "அந்தக் கல்லை நாளைக்கு கிரேன் வச்சுத் தூக்கிடுவாங்க. நீ இன்னிக்குத் தேதியிலயே 'பழைய வளைவில் கல் இல்லை, சரிபார்த்தேன்'னு போட்டுடு."

"குழியப் பாத்துட்டுப் போடுறேன் சார்."

"பாரும்மா. கல்லு இத்தனை நாளா அங்க நின்னுச்சுன்னு வெளிய தெரிஞ்சா, மூணு வருஷத்துக்கு முந்தின கையெழுத்தைத்தான் முதல்ல தேடுவாங்க. எழுதச் சொன்னவரு இப்ப இல்ல. கையெழுத்து யாரோடது?"

வராந்தாவில் ரிவர்ஸ் நின்றிருந்தார். ஜன்னல் வழியாக அவருடைய தோள் தெரிந்தது. எனக்குச் சம்பளம் வேண்டும். படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. இதையெல்லாம் காரணம் என்று எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் காரணம் அதுதான்.

கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்தபோது ரிவர்ஸ் என் முகத்தைப் பார்த்தார். தங்கச்சி என்று கூப்பிடவில்லை.

அன்று மாலை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஆறே முக்கால் இருக்கும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. தாழ்வாரத்துக்கு வந்து எடுத்தேன்.

"அம்மா, ஆம்புலன்ஸ்ல இருந்து பேசுறோம். நீங்க சொன்ன இடத்துக்கு வந்துட்டோம். உங்களைக் காணோமே?"

"ராங் நம்பர். நான் யாரையும் கூப்பிடல."

"அழாதீங்கம்மா. அறுபத்தொண்ணுன்னுதானே சொன்னீங்க? கல்லு பக்கத்துலதான் நிக்கிறோம்."

"நான் கிளாஸ்ல இருக்கேன். எனக்கு ஒண்ணும் இல்ல."

"புரியுதும்மா, வலிக்குதுன்னு புரியுது. கண்ணை மூடிடாதீங்க. பேசிக்கிட்டே இருங்க."

நான் அழவில்லை. வலிக்கிறது என்று சொல்லவும் இல்லை. அவர் வாயைக் கைப்பேசியிலிருந்து விலக்கி யாரிடமோ பேசுவது கேட்டது. "குரல் போய்க்கிட்டே இருக்குடா. இன்னொருதடவ சுத்திப் பாரு."

ஓடிப்போய் வகுப்புக் கதவைத் தள்ளினேன். அது அசையவில்லை. கத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார்.

என் எண் வந்தது.

"இருக்கேன் சார்," என்றது அந்தப் பெண் குரல், என் இடத்திலிருந்து.