ஆரஞ்சுக்காரர்கள் இருவர்

முதல் பார்வையில் அவள் கவனித்தது அவன் கண்களை அல்ல... தொப்பியை.

பளீரென்ற ஆரஞ்சுத் தொப்பி. ஹாரிஸ்பர்க் சட்டமன்றக் கட்டடத்தில், பிரதிநிதி ஹார்லன் பிட்னரின் அறைக்கு வெளியே, மழையில் நனைந்து சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தான். ட்ரூடியின் சட்டையும் அதே ஆரஞ்சு. துப்பாக்கிச் சாவுகளைத் தடுக்கச் சட்டம் கேட்டு வருகிறவர்கள் எல்லோரும் அன்று ஆரஞ்சில்தான் வருவதாகப் பேச்சு. அவளோடு வர வேண்டிய ஒன்பது பேர், நெடுஞ்சாலையில் பழுதாகி நின்ற பஸ்ஸில். யாரோ ஒரு லேன்காஸ்டர்காரர் மட்டும் நேராக வந்துவிடுவார் என்று போனில் சொல்லியிருந்தார்கள்.

"அப்பாடா... வந்துட்டீங்களா!" ஒரு தாளை அவன் கையில் திணித்தாள். "மூணாவது பாயின்ட் உங்களுக்கு. பூட்டு பத்தி. அழக் கூடாது. யாராவது அழுதா பிட்னருக்குப் பிடிக்காதாம்."

அவன் தாளைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். சாம்பல் நிறக் கண்கள்... மழைக்கு முந்தைய வானம் போல என்று சொல்லலாம். மழை ஏற்கெனவே கொட்டிக்கொண்டிருந்ததால் வேண்டாம்.

"சரிங்க, அழல," என்றான்.

வீட்டில் இருக்கும் துப்பாக்கியைப் பூட்டி வைக்க வேண்டும். மசோதா அவ்வளவுதான். அதை முதலில் முடிவு செய்யும் சட்டமன்றக் குழுவில் பன்னிரண்டு பேர் ஆதரவு, பன்னிரண்டு பேர் எதிர்ப்பு. பிட்னர் மட்டும் ஆறு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தார். யோசிப்பதற்குத்தான் அவரைத் தேர்ந்தெடுத்தோமோ என்று தொகுதியே யோசிக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு மணிக்கு வாக்கெடுப்பு. அவர் 'வேண்டாம்' என்றுவிட்டால் மசோதா அங்கேயே முடிந்தது.

ட்ரூடி தன் வரிகளை முணுமுணுத்துப் பார்த்தாள். பக்கத்திலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் நீண்டது.

"சாப்பிடுறீங்களா? காய வச்ச மான் கறி. நானே செஞ்சது."

"மானா...? நீங்க சுட்டதா?"

"அதுவா வந்து பொட்டலத்துல விழலைங்க."

மான் சுடுகிறவர் நம்மோடு வருவாரா? வரலாம். தடையொன்றும் இல்லை. இருந்தாலும்... அவள் கண்கள் சுருங்கின.

"லேன்காஸ்டர்ல எங்க இருக்கீங்க?"

"நான் பெர்ரி கவுன்ட்டிங்க. பேரு வேட்."

பெயரிலேயே பாதி வேட்டை இருந்தது. மீதிப் பாதி சட்டைப்பையில் எட்டிப் பார்த்தது... நீளமான உறை, மேலே 'பைன் ரன் வேட்டைக் கழகம்' என்ற முத்திரை. ட்ரூடிக்கு அப்போதுதான் உறைத்தது. வேட்டைக்காரர்களும் ஆரஞ்சுதான் போடுவார்கள், மான் என்று நினைத்து அடுத்தவன் சுட்டுவிடாமல் இருக்க.

"ஒட்டுக் கேக்க வந்தீங்களா?"

"நான் எங்கங்க ஒட்டுக் கேட்டேன்? நீங்களே சொன்னீங்க. தாளும் நீங்களே குடுத்தீங்க."

"குடுங்க அதை!"

"மூணாவது பாயின்ட் நல்லா இருக்கு நர்ஸம்மா. ரெண்டாவதுலதான் ஒரு எழுத்துப் பிழை."

"நான் நர்ஸுன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"முதல் பாயின்ட்."

அறைக் கதவு திறந்தது. செயலாளர் அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஆரஞ்சுக்காரங்க எல்லாரும் உள்ள வாங்க. பத்து நிமிஷம்."

"மேடம், நாங்க சேர்ந்து வரல..." என்றாள் ட்ரூடி.

"இருக்கறது ஒரே பத்து நிமிஷம்மா. சண்டை போடறதுன்னா வராண்டாவுல போடுங்க. அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருவார்."

இருவரும் உள்ளே போனார்கள். ஒரே சோபா. நடுவில் முடிந்த அளவு இடைவெளி விட்டு உட்கார்ந்தாள். எந்த நேரம் வாயைத் திறந்து கெடுக்கப் போகிறானோ...

அவள் பேசினாள். எழுதி வைத்த பாயின்ட் எதுவும் நினைவில் இல்லை.

"என் ஸ்கூல்ல ஆறாங்கிளாஸ்ல ஒரு பொண்ணு சார். வியாழக்கிழமை கணக்குப் பரீட்சை அன்னிக்கெல்லாம் வயித்துவலின்னு வருவா. பொய்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கட்டில்ல படுக்க விடுவேன். போன பிப்ரவரில சிநேகிதி வீட்டுக்கு விளையாடப் போனா. அந்த வீட்டு மேஜை டிராயர்ல ஒரு கைத்துப்பாக்கி. பூட்டு இல்ல..." நிறுத்தினாள். அழக் கூடாது என்று அவளேதான் சொன்னது. "அந்தக் கட்டில் இப்ப வியாழக்கிழமையெல்லாம் காலியா இருக்கு சார்."

பிட்னர் தொண்டையைச் செருமினார். "வருத்தம்தாம்மா. ஆனா என் தொகுதியில வேட்டைக்காரங்க ஓட்டு இல்லாம நான் திரும்ப வர முடியாது." வேட் பக்கம் திரும்பினார். "நீ ராய் ஸ்னைடர் மகன்தானே? கழகத்துலேர்ந்து அப்பா லெட்டர் குடுத்தனுப்பறதாச் சொன்னாரே?"

வேட் உறையை எடுத்து மேஜைமேல் வைத்தான். முடிந்தது கதை... ட்ரூடி கண்ணை மூடிக்கொண்டாள்.

"மசோதா வேண்டாம்னு நாப்பத்தோரு கையெழுத்து சார். ஒண்ணு என்னோடது." உறைமேலிருந்து அவன் கை நகரவில்லை. "என் தம்பி டேலை ஞாபகம் இருக்கா?"

"பாவம். துப்பாக்கியைத் துடைக்கும்போது..."

"பேப்பர்ல அப்படிப் போடச் சொன்னது நாங்கதான் சார்."

பிட்னர் பேனாவைக் கீழே வைத்தார்.

"வேலை போயி என் வீட்டுல தங்கியிருந்தான். துப்பாக்கி இருந்தது என் அலமாரியில. பூட்டே கிடையாது. பூட்டியிருந்தா சாவிக்கு என்கிட்ட வந்திருப்பான் சார். வந்திருந்தா... நான் அவன் மூஞ்சியைப் பாத்திருப்பேன்." மூச்சை இழுத்துவிட்டான். "அப்பா இன்னும் துடைக்கும்போதுன்னுதான் சொல்லிட்டிருக்காரு. என் கையெழுத்தை மட்டும் அடிச்சிருங்க சார்."

பிட்னர் உறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் எல்லோரும் சொல்வதைச் சொன்னார்.

"பார்க்கலாம்."

வராண்டாவில் ட்ரூடி அவனை வழிமறித்தாள்.

"இதைச் சொல்லணும்னே வந்தீங்களா? இல்ல... எங்களை நம்ப வைக்க ஏதாவது...?"

"லெட்டரைக் குடுத்துட்டு ஊருக்குப் போகத்தான் வந்தேன்."

"அப்புறம் என்ன ஆச்சு?"

"பொய்னு தெரிஞ்சும் படுக்க விட்டேன்னு சொன்னீங்களே..." தரையைப் பார்த்தான். "எங்க வீட்டுலயும் ஒரு பொய் நாலு வருஷமாப் படுத்துக்கிட்டிருக்குங்க."

நம்புவதா, வேண்டாமா... நம்பாமல் இருப்பதற்குத்தான் இப்போது அதிகச் சிரமமாக இருந்தது.

இரண்டு மணி. பார்வையாளர் வரிசையில், இம்முறை இடைவெளி கொஞ்சம் குறைந்திருந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. பன்னிரண்டு. பன்னிரண்டு.

"பிட்னர்?"

அவர் தண்ணீர் குடித்தார். இருமினார். மறுபடி குடித்தார்.

"...ஆதரவு."

ட்ரூடி கையில் அகப்பட்டதை இறுக்கிப் பிடித்தாள். அகப்பட்டது அவன் மணிக்கட்டு. குழுவைத்தான் தாண்டியிருக்கிறது, இன்னும் இரண்டு அவைகள் பாக்கி என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் விட மனம் வரவில்லை.

வெளியே படிக்கட்டில் இறங்கும்போது அவன் போன் அலறியது. திரையில் 'அப்பா'. செய்தி அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் பக்கத்துக் கத்தல் மூன்று படி தள்ளியிருந்த அவளுக்கும் கேட்டது.

"குடுத்தேன்பா, என் கையெழுத்தை மட்டும் அடிக்கச் சொல்லிட்டேன்... ஆமா, பேசினேன்... டேலைப் பத்தித்தான். எல்லாத்தையும் சொல்லிட்டேன்பா."

கத்தல் நின்றது. பெரிய மனிதர் ஒருவர் அழாமல் இருக்கப் பாடுபடுவது கேட்டது.

"இல்லப்பா, என்னை யாரும் ஏத்திவிடல... ஒரு ஸ்கூல் நர்ஸ்... அவங்க ஒண்ணும் மயக்கல, திட்டத்தான் செஞ்சாங்க... ஆமா, பிடிச்சிருக்கு. அதுக்காக இல்லப்பா, அது வேற, இது வேற... இல்ல, அவங்ககிட்ட இன்னும் சொல்லல. பக்கத்துலதான் நிக்கறாங்க. கேட்டுட்டாங்கன்னு நினைக்கறேன்."

போனைக் கையால் மூடினான். காது இரண்டும் சிவந்திருந்தன.

"அப்பா உங்க பேரு கேக்கறாரு."

"உங்களுக்கே தெரியாதே?"

"கேட்டா சந்தேகப்படுவீங்களோன்னு..."

அவள் போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள்.

"வணக்கம் சார். என் பேரு ட்ரூடி... ஆமா சார், உங்க பையன் நல்லா இருக்காரு... இல்ல சார், எனக்கு இவர்மேல இன்னும் முழு நம்பிக்கை வரல." நனைந்த இமைகளை ஒருமுறை அவன் பக்கம் உயர்த்தினாள். "பிடிச்சிருக்கு சார்... அவ்வளவுதான்."